சத்தம் போடாத நீர்வீழ்ச்சி

அம்பிட்டிய
24.04.2023

அன்பு மருமகள் ஷாமலாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் தெரேசா மாமியும் குளத்து மீன்களும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா? மன்னார் வெயில் உன்னைக் கருவாடாக்கிவிட்டதா, இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிறதா? மடத்தில் உனக்கு வரும் கடிதங்களை உனக்கு முன்னால் பிரித்து வாசிக்கும் மதர் பெனடிக்டா அம்மையாருக்கும் என் சாஷ்டாங்க வணக்கம். மதர், தயவுசெய்து கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொள்ளவும். செய்தி பெரியது.

நம் வீட்டுப் பின்வளவுக் குளத்துக்கு அரசாங்கம் மரண தண்டனை விதித்துவிட்டது! என் தங்கச்சி, உன் அம்மா, உன்னை எட்டு வயதில் எங்கள் கையில் விட்டுவிட்டுப் பரலோகம் போனாளே, அந்த வருஷம் நீ அழாமல் இருக்க நான் தோண்டிய குளம். ஊரார் அதை ஒரு கட்டில் அளவு என்பார்கள். ஊராருக்குச் சமுத்திரம் என்றால் என்னவென்று தெரியாது.

டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தையா, கரையில் நின்று ஏதோ சொன்னார். நான் கம்பீரமாகத் தலையாட்டினேன். அவர் போன பிறகு மாமிதான் மொழிபெயர்த்தாள்: "அசையாத தண்ணியில நுளம்பு முட்டையிடுமாம். ஒண்ணு குளத்தை மூடணுமாம், இல்லாட்டி தண்ணிய ஓட விடணுமாம். நீங்க என்னத்துக்கு அந்த மனுசனுக்கு சிரிச்சீங்க?" இந்தக் காலத்து அதிகாரிகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், மகளே. நாட்டின் நிலைமை அப்படி.

மூடுவதா? நானா? கண்டி பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் டைம்கீப்பராக நின்று, ஹோர்ன் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர், என்ன கோபத்தில் வருகிறான் என்று சொன்ன சுவக்கினா? தண்ணீரை ஓட விடப்போகிறேன். ஓட மட்டுமல்ல, விழவும் விடப்போகிறேன். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி வெட்கப்பட்டு வேறு மாகாணத்துக்குக் குடிபோகட்டும்.

மாமி முத்தங்கள் அனுப்புகிறாள். ஜெபத்தில் எங்களையும் மீன்களையும் நினைத்துக்கொள்.

அன்பு மாமா,
சுவக்கின்

*

மன்னார்
07.05.2023

அன்பு மாமா, மாமி,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் நல்ல சுகம். கருவாடாகவில்லை, அதைவிடக் காய்ந்த மாசியாகிவிட்டேன்.

மாமா, உங்கள் கடிதத்தை மதர் என்னிடம் தருவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இங்கே கிணற்றுத் தண்ணீரில் உப்பு. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அதனால் ஒருவர் தண்ணீரைச் சும்மா விழ விடப்போகிறார் என்றதும் சகோதரிகளுக்கு அது அரபு நாட்டுக் கதை மாதிரி இருந்தது. அடுத்த கடிதம் எப்போது என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது என் செய்தி. முதல் வார்த்தைப்பாட்டுக்கு, கன்னியாஸ்திரியாக உறுதிமொழி எடுப்பதற்கு, என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். டிசம்பர் எட்டு, மாதாவின் திருநாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அன்றைக்கு மைக் கிடையாது. பீடத்தின் முன் முழந்தாளிட்டு என் சொந்தக் குரலில் வார்த்தைப்பாட்டைச் சொல்ல வேண்டும். வளர்த்தவர்கள் முதல் வரிசை வாங்கில் அமர்ந்திருப்பார்கள். சொல்லி முடிந்ததும் மதர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார். "கேட்டோம்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் என் கையைப் பிடிப்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும், மாமா.

ஈஸ்டருக்கு மதர் தந்த ஐந்து நிமிடத்தில் உங்களோடு ஆசை தீரப் பேசலாம் என்று இருந்தேன். "மாமியோட பேசு, மாமியோட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டீர்கள். பரவாயில்லை. டிசம்பரில் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளை,
ஷாமலா

*

அம்பிட்டிய
18.06.2023

அன்பு மருமகளுக்கும், மதர் அம்மையாருக்கும், மேசையைச் சுற்றி வீற்றிருக்கும் சகல சகோதரிகளுக்கும்,

நலம். நலமறிய ஆவல். சாப்பாட்டுக் கோப்பைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தண்ணீர் தெறிக்கக்கூடும்.

நீர்வீழ்ச்சி பிறந்துவிட்டது! ஆனால் பிரசவம் லேசானதல்ல. போன மழையில் சரிந்த மதில் கல்லையெல்லாம் நானே சுமந்து குளத்தின் தலைமாட்டில் மலையாக அடுக்கினேன். மலை என் இடுப்புக்கு வந்தது. இமயமலையும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். உச்சியில் மாமி துணி துவைத்த பழைய பேசினை ஒளித்து வைத்தேன். அடியிலிருந்து உச்சி வரை கறுப்புப் பொலித்தீன் விரித்தேன். மடவளையில் மோட்டார்க் கடை வைத்திருக்கும் ஹபீல் ஒரு குட்டிப் பம்ப் கொண்டுவந்து தந்தான். குளத்துத் தண்ணீரைக் குழாய் வழியே பேசினுக்கு ஏற்றும்; பேசின் நிறைந்தால் தட்டைக் கல்லின் மேலாகக் குளத்துக்கே திரும்பி விழும். சுவிட்சைப் போட்டேன். விழுந்தது. ஊரே கை தட்டியது. ஊர் என்றால் மாமி.

மறுநாள் காலையில் பார்த்தால் குளத்தில் பாதித் தண்ணீரைக் காணோம். மீன்கள் தோளோடு தோள் நெருக்கி நின்று என்னை முறைத்தன. கீழ் வளவில் குடியிருக்கும் றெஜினோல்ட் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து கையை ஆட்டினான். அவன் குசினிக்குள், அடுப்படி வரை, தண்ணீராம். என் தண்ணீர் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி அவனைத் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவு பாசம்.

காரணத்தை மாமிதான் கண்டுபிடித்தாள். "கறிச்சட்டிய மெதுவா சரிச்சா குழம்பு சட்டிக்கு வெளிப்பக்கமா வழியும்ல, அதே மாதிரி உங்க கல்லுக்கு அடியால பின்னுக்கு வழியுது. கல்லை முன்னுக்குச் சரிச்சு வைங்க" என்றாள். வைத்தேன். பொலித்தீனின் ஓரங்களையும் உயர்த்திவிட்டேன். இப்போது ஒரு சொட்டு வீணில்லை.

ஒரே ஒரு குறை. இவ்வளவு செய்தும் அதற்குச் சத்தமில்லை. பார்க்கப் பார்க்க விழுகிறது. ஆனால் ஊமைப்படம் போல விழுகிறது. மௌன விரதம் இருக்கும் நீர்வீழ்ச்சியை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? உங்கள் மடத்தில் சேர்த்துவிடலாம் போலிருக்கிறது. ஹபீலிடம் பெரிய பம்ப் கேட்டிருக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
சுவக்கின் மாமா

*

மன்னார்
02.07.2023

அன்பு மாமா, மாமி,

இங்கே எல்லோரும் சுகம். மாமியின் முழங்கால் நோவு எப்படி? தைலம் தீர்ந்தால் சொல்லுங்கள். இங்கே ஒரு சகோதரி நல்லதாகக் காய்ச்சுவார்.

உங்கள் கடிதத்தை வாசிக்கையில் மதருக்குப் புரைக்கேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பெரிய பம்ப் வந்தால் சத்தம் வருமா வராதா என்று சகோதரிகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். பந்தயம் பாவம் என்பதால் ஜெபமாலையை வைத்துப் போட்டி போடுகிறார்கள்.

மாமா, டிசம்பரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்திலும் இல்லை. மறந்திருக்க மாட்டீர்கள். வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஷாமலா

*

அம்பிட்டிய
13.08.2023

அன்பு மருமகளுக்கும் மன்னார் மகா சபைக்கும்,

சுகம். மாமியின் முழங்காலும் சுகம். திட்டும்போது அது வலிப்பதில்லை.

பெரிய பம்ப் வந்தது. சத்தமில்லை. அதைவிடப் பெரியது வந்தது. இல்லை. உயரம் போதவில்லை என்று மலையைக் கழுத்தளவுக்கு உயர்த்தினேன். இப்போது கீழே விழும் தண்ணீர் எழும்பி எலுமிச்சை மரத்தைக் குளிப்பாட்டுகிறது. அந்த வழியாகப் பறக்கும் காகங்கள் குடை பிடித்துக்கொண்டு போகின்றன. கடைசியில், மார்கழி மழை வெள்ளத்தை இறைக்கிற சாதிப் பம்ப் ஒன்றை ஹபீல் தலையில் அடித்துக்கொண்டே தந்தான். பொருத்தியிருக்கிறேன். உற்றுக் கேட்டால், ஏதோ தூரத்தில் ஒருவர் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி ஒரு சிறு சலசலப்பு. அது போதாது.

ஆனால் புகழ் பரவிவிட்டது. றெஜினோல்ட் மூன்று தரம் நேரில் வந்தான். முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, உணர்ச்சி பொங்கப் பேசினான். நான் அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னேன். கலை ரசனை உள்ள மனிதன்.

டிசம்பரைக் கேட்டாய். மகளே, இவ்வளவு பெரிய இயற்கைச் சக்தியை மழைக்காலத்தில் தனியே விட்டு வருவது நாட்டுக்குச் செய்யும் துரோகம். மலை சரிந்தால் அம்பிட்டிய என்னாவது? மாமி வருவாள். அவள் "கேட்டோம்" என்று சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அவள் குரல் உனக்குத் தெரியும்தானே, மடு மாதா கோயில் வரை கேட்கும்.

கோபிக்காதே.
மாமா

*

அம்பிட்டிய
20.08.2023

அன்பு மகள் ஷாமலாவுக்கு,

மாதா உன்னைக் காப்பாற்றுவாராக. இதை மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதை யாருக்கும் காட்டாதே, மேசையில் வாசிக்கக் கொடுக்கவே கொடுக்காதே.

மாமாவுக்குக் காது கேட்பதில்லை, மகள். கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இந்த வருஷம் முக்கால்வாசி போய்விட்டது. ஈஸ்டருக்கு நீ பேசினபோது போனை என் கையில் திணித்தது அதற்குத்தான். டொக்டர் காது மிஷின் போடச் சொல்லி, அதுவும் வாங்கி வந்து, அலுமாரி லாச்சியில் சோக்ஸுக்கு அடியில் கிடக்கிறது. போட மாட்டாராம். "ஹோர்ன் சத்தத்துல டிரைவர் பேரைச் சொன்ன காது இது, இதுக்கு ஊன்றுகோலா?" என்கிறார்.

அந்த நீர்வீழ்ச்சி போடும் சத்தத்தில் நாங்கள் குசினியில் கூவித்தான் பேசுகிறோம். றெஜினோல்ட் பாவம், பாராட்ட வரவில்லை, கெஞ்ச வந்தார். அவரைப் பிடித்து மாமா முத்தமிடாத குறை. நான் என்ன சொல்வேன்? தனக்குக் கேட்கிற வரைக்கும் அதைப் பெருசாக்கிக்கொண்டே போகிறார். கேட்டுவிட்டால் காதில் பிழையில்லை என்று ஆகிவிடும்தானே.

உன் சடங்குக்கு வரமாட்டேன் என்பது மழைக்குப் பயந்தல்ல. நேற்று சாப்பிடும்போது சொன்னார்: "உலகத்துல இருக்கிற எல்லாப் பொய்யும் சொல்லுவேன் தெரேசா. கேக்காம 'கேட்டோம்'னு ஆண்டவர் சந்நிதியில சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

நீ ஏதாவது எழுது. ஆனால் நான் சொன்னதாக இருக்கக்கூடாது.

மாமி,
தெரேசா

*

மன்னார்
10.09.2023

அன்பு மாமா,

நான் சுகம். நீங்கள் வராவிட்டால் கோபிக்க மாட்டேன். ஆனால் முதல் வாங்கில் ஓர் இடத்தை வெறுமையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டேன்.

இதனுடன் மதர் ஒரு கடிதம் வைக்கிறார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒட்டித்தான் தந்தார்.

ஷாமலா

*

மதிப்புக்குரிய திரு. சுவக்கின் அவர்களுக்கு,

இறை ஆசீர். உங்கள் கடிதங்களால் எங்கள் மடத்தில் வயிற்றுநோவு குறைந்திருக்கிறது. அதற்கு முதலில் நன்றி.

பயிற்சியில் இருக்கும் நவசந்நியாசிகளுக்கு வரும் கடிதங்களை முதலில் வாசிப்பவள் நான். "யாருக்கும் காட்டாதே" என்று உங்கள் மனைவியார் எழுதிய வரியையும் நான்தான் முதலில் வாசித்தேன். அவர் அதை மறந்துவிட்டார். நல்ல மனைவிகள் அவசரத்தில் மறப்பார்கள். அவரைக் கோபிக்க வேண்டாம்.

ஒரு விடயத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. பல வருடங்களாக. முக்காட்டுக்குக் கீழே இருப்பதால் இந்த மடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சமையலறையில் சண்டை முற்றினால் கையை உள்ளே விட்டு நிற்பாட்டி விடுவேன். சகோதரிகள் அதை என் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் புனிதர் பட்டம் கிடைக்குமானால் அதில் பாதி அந்தப் பற்றரிக்குச் சேர வேண்டியது.

உங்களிடம் முக்காடு இல்லை என்பது ஒரு குறைதான். ஒரு தொப்பி போடலாம்.

வார்த்தைப்பாட்டைப் பிள்ளை ஒருதரம்தான் சொல்லுவாள். அன்று நான் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதமும், இதற்கு நீங்கள் எழுதும் பதிலும் மேசைக்கு வராது.

கிறிஸ்துவில்,
மதர் பெனடிக்டா

*

அம்பிட்டிய
22.10.2023

வணக்கத்துக்குரிய மதர் அம்மையாருக்கும், அன்பு ஷாமலாவுக்கும்,

நலமாக இருக்கிறேன் என்று எழுதவே கை கூசுகிறது. இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

மதரின் கடிதத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, மாமி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, லாச்சியைத் திறந்து அந்தப் பிராணியை எடுத்துக் காதில் மாட்டினேன். முதலில் என் சட்டை பேசியது. ஆமாம், நான் கையைத் தூக்கினால் சட்டை சரசரவென்று ஏதோ முறைப்பாடு சொல்கிறது. குளிர்சாதனப் பெட்டி மாடு மாதிரி உறுமியது. சுவரில் பல்லி ஒன்று, அதற்கும் என் மேல் ஏதோ கோபம்.

பிறகு பின்கதவைத் திறந்தேன்.

மகளே, இரண்டு லொறி சரளைக் கல்லைத் தகரக் கூரை மேல் நிற்காமல் கொட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள். அதுதான் என் மௌன விரத நீர்வீழ்ச்சி. கையைக் காதில் பொத்திக்கொண்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அணைத்ததும் கீழ் வளவிலிருந்து, "ஆண்டவருக்குத் தோத்திரம்!" என்று ஒரு குரல். றெஜினோல்ட். அவன் இப்படித் தினமும் எத்தனை ஜெபம் செய்திருப்பான்!

தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். "மச்சான், கட்டிப்பிடிக்காத, தள்ளி நின்னு பேசு" என்றான். "ஒனக்குக் கத்திக் கத்தி என் தொண்டை போயிட்டு. என் பெண்சாதி கொழும்புல மகன் வீட்டுக்குப் போயிட்டா. ஒன் தண்ணி நிண்டாத்தான் வருவாளாம்." நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தேத்தண்ணி தந்தான். அவன் தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் இருக்கிறதே, மதர், அதற்கு ஒரு தனிக் கடிதம் தேவை.

மலையை முழங்காலளவுக்கு இறக்கிவிட்டேன். ஹபீலின் முதல் குட்டிப் பம்பை மறுபடியும் போட்டிருக்கிறேன். பி.எச்.ஐ. மாத்தையா வந்து பார்த்தார். இந்தத் தரம் அவர் சொன்னதை மாமி மொழிபெயர்க்கவில்லை. "தண்ணி ஓடினா போதும், அங்கிள். ஊரைக் கூட்டச் சொல்லி நான் சொல்லலயே" என்றார். குளம் தப்பிவிட்டது.

நான் வருகிறேன். அந்த வாங்கில் எனக்கு நடு இடம் வேண்டும். மாமி வலப்பக்கம் இருக்கட்டும். அந்தக் காது கொஞ்சம் மோசம்.

சுவக்கின்

*

மன்னார்
05.11.2023

அன்பு மாமா, மாமி,

இரண்டு பேரும் சுகமாக வந்து சேர வேண்டும் என்பதே இப்போது என் ஒரே மன்றாட்டு. இனித் தியானம் தொடங்கிவிடும், எழுத முடியாது. இந்தக் கடிதம் கடைசி.

சத்தமாகச் சொல்லுவாயா என்று மாமி தனியே எழுதிக் கேட்டிருந்தார். மாட்டேன், மாமா. என்னுடைய குரல் எதுவோ அதிலேதான் சொல்லப்போகிறேன். அது உங்களுக்குக் கேட்டால்தான் எனக்கும் நான் சொன்னதாக இருக்கும்.

மதர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் காரணமில்லாமல் சிரிக்கிறார்.

ஷாமலா

*

அம்பிட்டிய
14.12.2023

அன்பு அருட்சகோதரி ஷாமலாவுக்கு,

இப்படி எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டேன். நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். மாமியின் முழங்கால் வீங்கியிருக்கிறது. மன்னார்த் தைலம் பூசுகிறாள். வீடு முழுக்க மருந்துக்கடை வாசம். நீ சுகமாயிரு.

இனி உன் கடிதங்களை மதர் பிரிக்க மாட்டார் என்று சொன்னாயே. அப்படியானால் இது உனக்கு மட்டும் வருகிற முதல் கடிதம். அதனால் ஒன்றைச் சொல்கிறேன். மதருக்குக் காட்டாதே. இந்தத் தரம் உண்மையாகவே காட்டாதே.

காது கேட்காது என்றுதான் நான் முதலில் வர மறுத்தேன் என்று மாமி நினைத்தாள். மதரும் நினைத்தார். அது பாதிதான். கேட்டுவிடுமே, உன்னைக் கொடுத்துவிட வேண்டுமே என்பது மற்றப் பாதி.

மிஷினை மாட்டிக்கொண்டு நான் வந்தது ஒரு திட்டத்தோடு. மன்னார் வரும்வரை பஸ்ஸில் அதைத்தான் தீட்டிக்கொண்டு வந்தேன். நீ சொல்லும்போது உன் குரலில் ஒரு சின்ன நடுக்கம், ஒரே ஒரு தடுமாற்றம், ஒரு மயிரிழை தயக்கம் தெரிந்தால் போதும். எழுந்து நின்று, "கேட்கவில்லை" என்று சொல்லிவிடுவது. சந்நிதியாவது, சபையாவது! ஆயர் ஆளை அனுப்பி என்னைப் பிடிக்கட்டும், பாப்பரசர் கப்பல் அனுப்பட்டும். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கண்டி பஸ்ஸில் ஏறிவிடுவது.

நீ முழந்தாளிட்டாய். கோயிலுக்குள் யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளை சப்பாத்துக் காலைத் தரையில் தேய்த்தது. வெளியே கழுதை ஒன்று கத்தியது. எல்லாம் கேட்டது. பிறகு நீ தொடங்கினாய்.

மகளே, நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தேன். பானை வாங்குகிறவன் தட்டுகிற மாதிரித் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் கீறல் இல்லை. "என் வாழ்நாள்" என்ற இடத்திலாவது கொஞ்சம் தேங்குவாய் என்று காத்திருந்தேன். நீ தேங்கவில்லை. அது எனக்குத் தெரிந்த எட்டு வயதுக் குரலும் இல்லை, போனில் மாமியிடம் தள்ளிவிட்ட குரலும் இல்லை. நான் இதுவரை கேட்காத ஒரு குரல். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அது.

மதர் திரும்பிப் பார்த்தார். "கேட்டோம்" என்றேன். கோயில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன என்று மாமி சொல்கிறாள். நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். மாமி வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை எல்லாம் சத்தமில்லாமல் போயின. கண்டியில் இறங்கும்வரை உன் குரலுக்கு மேல் வேறு ஒரு சத்தமும் விழவிடவில்லை.

ஆசீர்வாதம் நீதான் இனி எங்களுக்குத் தர வேண்டும். தா.

உன் மாமா,
சுவக்கின்